கட்டாயக் குவாரண்டைனுக்கு முதல் முறை போகிறீர்களா? பெட்டி கட்டுவதிலிருந்து கதவு திறக்கும் நாள் வரை

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், விமான நிலைய வாசலிலேயே பஸ்ஸில் ஏற்றப்பட்டு, எந்த ஹோட்டல் என்றுகூடத் தெரியாமல் போய், 14 நாள் ஒரு அறைக்குள் இருந்திருக்கிறேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. 2020-இல் ஒன்று, 2021-இல் ஒன்று. முதல் முறை ஒன்றும் தெரியாமல் போனேன், ஆறாவது நாளே உடைந்துவிட்டேன். இரண்டாவது முறை தயாராகப் போனேன். அதே 14 நாள், அறைகூட ஏறக்குறைய அதே அளவு, ஆனால் நடுவில் வீட்டில் ஒரு சாவு விழுந்தும்கூட அந்த முறை நிதானமாகவே வெளியே வந்தேன். இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2023 மே 5 அன்று அறிவித்தது, அந்தக் காலத்து விதிகளும் போய்விட்டன. ஆனால் இன்னொரு தொற்று வந்தால் நாடுகள் முதலில் கைவைக்கப் போவது எல்லையில்தான். அப்போது பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பலர் முதல் முறை போகிறவர்களாக இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அறை சின்னதாக இருந்தால் இரண்டு நாளில் பழகிவிடும், ஆறிப்போன சாப்பாடும் பழகிவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது மட்டும் கடைசி வரை பழகாது. இது என் தனிப்பட்ட எண்ணம் மட்டும் இல்லை. சார்ஸ், எபோலா போன்ற பழைய தொற்றுகளில் தனிமையில் வைக்கப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மனதை அதிகம் பாதிப்பவை என்று அது சொன்ன பட்டியலில் நீண்ட நாட்கள், நோய் பயம், சலிப்பு, பொருள் தட்டுப்பாடு ஆகியவற்றோடு சரியான தகவல் கிடைக்காததும் இருந்தது. அதனால் கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் உங்களுக்குத் தெரியாத விஷயங்களைக் குறைப்பதற்கான வழிதான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். போனில் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம், காகிதமே இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதன் முதல் பக்கத்தில் இந்தக் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வப் பக்கத்திலோ உதவி எண்ணிலோ பதில் வாங்கி, கேட்ட தேதியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

நாள் எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது? இது கேட்கவே தேவையில்லாத கேள்வி மாதிரி தெரியும். ஆனால் கொரோனா காலத்தில் இறங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணிய இடங்களும் உண்டு, மணிக்கணக்கில் எண்ணிய இடங்களும் உண்டு. நியூசிலாந்தில் 14 நாள் என்பதை 336 மணி நேரமாகவே கணக்கு வைத்தார்கள். முதல் முறை நான் வீட்டுக்குச் சொன்ன தேதியும் உண்மையில் வெளியே விட்ட தேதியும் ஒரு நாள் வித்தியாசப்பட்டன. ஒரு நாள்தானே என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அந்த ஒரு நாளைத் தாங்க முடியவில்லை.

அப்புறம், பணம் யார் கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும், விலக்கு யாருக்கு உண்டு? சோதனை எந்தெந்த நாளில்? சோதனைக்கு மறுத்தால் என்ன ஆகும் (கொரோனா காலத்தில் பல இடங்களில் நாட்களைக் கூட்டினார்கள்)? தொற்று உறுதியானால் அதே அறையா, வேறு கட்டடமா? குடும்பத்தோடு வந்தால் ஒரே அறையா, கதவால் இணைந்த இரண்டு அறைகளா? வீட்டில் மரணம், கடும் நோய் என்று வந்தால் விலக்குக் கேட்க எந்த முகவரி, என்னென்ன காகிதம் வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரும் தவிர்க்கிறார்கள், அபசகுனம் மாதிரி. தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கீழே இதற்கென்றே தனியாக எழுதியிருக்கிறேன்.

மூடிய இடம் என்றால் பயம், பழைய மன அதிர்ச்சி, ஆஸ்துமா, கர்ப்பம், நடமாட்டக் குறைபாடு, இதில் ஏதாவது இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கடிதம் வாங்கி, திறக்கக்கூடிய ஜன்னல் அல்லது பால்கனி உள்ள அறை வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். வந்து இறங்கி, வரிசையில் களைத்துப்போய் நின்றுகொண்டு கேட்டால் கிடைப்பது கடினம்.

பெட்டியில் என்ன வைப்பது

மருந்துதான் முதலில். 14 நாள் என்றால் 30 நாளுக்கான மருந்து எடுங்கள், ஏனென்றால் தொற்று உறுதியானால் நாட்கள் நீளும். மருத்துவச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும், ஒரு நாட்டில் விற்கும் பெயர் இன்னொரு நாட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாம் அசல் அட்டையோடு, கைப்பையில். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, அங்கே குளிரில் உறைந்துவிடலாம், ஒரு முறை உறைந்த இன்சுலினை மறுபடி பயன்படுத்த முடியாது. முதல் முறை நான் இரத்த அழுத்த மாத்திரையைக் கணக்காக எடுத்துப் போய், தீர்ந்ததும் கேட்டு வாங்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மாத்திரை எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

வெப்பமானி ஒன்று, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்று. ஆக்ஸிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை: விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும், கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் 94-க்குக் கீழே இறங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் எண்ணை விட்டுவிட்டு மூச்சை நம்புங்கள், அப்போதும் கூப்பிடுங்கள்.

மற்றவை: நீளமான எக்ஸ்டென்ஷன் கார்டு, அதற்கு ஒரு அடாப்டர் (ஒரு அடாப்டர் போதும், மற்ற எல்லாம் கார்டில் செருகிக்கொள்ளலாம்). இன்னொரு மூக்குக்கண்ணாடி. துணி சோப்பு, ஒரு கயிறு, நாலைந்து கிளிப். நாப்கின் வழக்கத்தைவிடக் கூடுதலாக, பயணமும் மன அழுத்தமும் சுழற்சியை முன்பின் தள்ளிவிடும். சொந்தத் தட்டு, டம்ளர், ஸ்பூன், பாத்திரம் கழுவக் கொஞ்சம் சோப்பு. தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு வேளை, இரண்டு வேளை அட்டைப் பெட்டியில் சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது. நாற்பது வேளைக்கு மேல் அதையே திறந்து சாப்பிடும்போது நாம் நோயாளி, கைதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இரண்டாவது முறை நான் ஒரு தட்டு கொண்டுபோனேன், ஒவ்வொரு வேளையும் தட்டில் மாற்றிப் போட்டுச் சாப்பிட்டேன், அது அவ்வளவு பெரிய வித்தியாசம்.

அறையில் சமைக்கும் அடுப்பு, ஹீட்டர் மாதிரி எதுவும் வேண்டாம், பெரும்பாலும் தடை, புகை அலாரம் அடித்தால் மாடி முழுக்க எல்லோரும் வெளியே வர வேண்டியிருக்கும். கைக்கு வேலை தருகிற ஏதாவது ஒன்று கட்டாயம் எடுங்கள்: பின்னல், வரைதல், புதிர், எதுவானாலும் சரி. திரையைப் பார்த்துக் கண் வலித்துப்போகும் நேரம் கட்டாயம் வரும்.

இறங்கியதிலிருந்து அறை வரை

விமானம் நின்றதிலிருந்து அறைக்கதவு சாத்தும் வரை ஆறேழு மணி நேரம்கூட ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் தண்ணீர், சாப்பிட ஏதாவது, போன் சார்ஜர், பேனா. பேனா இல்லாமல் அத்தனை படிவங்களுக்கும் யாரோ பயன்படுத்தியதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். உங்கள் இருக்கை எண்ணை நோட்டில் குறியுங்கள், பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொற்று வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் போட்டோ எடுங்கள். யாராவது வாய்மொழியாக ஒரு விதி சொன்னால், "இதை எழுத்தில் எங்கே பார்க்கலாம்?" என்று பணிவாகக் கேளுங்கள். அங்கே நிற்கிற ஊழியர்கள் காலையிலிருந்து கவசம் போட்டு வேர்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், விதியை அவர்கள் போடவில்லை. கோபத்தை அவர்கள்மேல் காட்டாதீர்கள்.

முதல் இரவு

கதவு சாத்தியதும் ஒரு அமைதி வரும், அது முதல் முறை என்னை மிகவும் பயமுறுத்தியது. உடனே படுக்கையில் விழாமல் முதல் ஒரு மணி நேரத்துக்கு வேலை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விளக்கும் எரிகிறதா, சுடுதண்ணீர் வருகிறதா, ஜன்னல் திறக்குமா, போன் வேலை செய்கிறதா பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தீ விபத்து வரைபடத்தைப் படித்து, அவசரப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெருப்பு என்றால் வெளியேறத்தான் வேண்டும், முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு. இதைத் தெரிந்துகொண்டாலே அறை பூட்டிய இடம் போலத் தோன்றுவது குறையும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்களை எழுதுங்கள்: வரவேற்பு மேசை, நர்ஸ், இரவு நேர நர்ஸ், மனநல உதவி எண், குவாரண்டைனை நடத்தும் அலுவலகம், வீட்டில் இரண்டு பேர். காகிதம் ஏன் என்று மேலே சொன்னேன் அல்லவா, இதற்குத்தான். எனக்கு முதல் முறை நள்ளிரவில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியபோது போன் எங்கே, அதில் எங்கே எழுதினேன் என்று தேடக்கூடக் கை ஓடவில்லை. கட்டில் பக்கத்தில் திறந்து வைத்த ஒரு பக்கம் இருந்திருந்தால் பத்து நிமிடம் தவித்திருக்க மாட்டேன். அன்று போனை எடுத்த நர்ஸ் செய்தது மிகச் சின்ன விஷயம்: நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே, இருபது நிமிடம் போனை வைக்காமல் இருந்தார். அப்படி ஒருவரைக் கூப்பிட வெட்கப்படாதீர்கள். அதற்காகத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

நேர மாற்றத்தால் வரும் தூக்கக் குழப்பத்தையும் தனியாகக் கவனியுங்கள். உடல் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் புது நேரத்துக்கு மாறும், கிழக்கு நோக்கிப் பறந்திருந்தால் இன்னும் சிரமம். வெளியே நடமாடும் ஆளுக்கு வெயில் உதவும், நமக்கு ஜன்னல் மட்டும்தான். பகலில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள், இரவில் திரைச்சீலையை முழுதாக மூடுங்கள். முதல் மூன்று நாள் வரும் சோர்வையும் அழுகையையும் வைத்து, 14 நாளும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள், அதில் பாதி தூக்கமின்மை.

ஒரு நாளை எப்படி ஓட்டுவது

அட்டவணை போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் முதல் முறை காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை அரை மணிக்கு ஒன்றாகப் போட்டேன், இரண்டாம் நாளே அது நின்றுவிட்டது, நின்றதும் குற்ற உணர்ச்சி வேறு. இரண்டாவது முறை மூன்றே மூன்று விஷயத்தை மட்டும் நிலையாக வைத்தேன்: எழுந்ததும் குளித்து, இரவு உடையை மாற்றி, படுக்கையை மடிப்பது. மாலையில் நடப்பது. இரவில் ஒரே ஒரு நீண்ட போன் பேச்சு. நடுவில் எப்படிப் போனாலும் சரி என்று விட்டுவிட்டேன். இது 14 நாளும் தாங்கியது.

அறையை மூன்றாகப் பிரியுங்கள், சின்ன அறையானாலும் சரி. தூங்க ஒரு இடம், சாப்பிட்டு வேலை பார்க்க ஒரு இடம், ஜன்னலோரம் சும்மா உட்கார ஒரு இடம். படுக்கையில் சாப்பிடாதீர்கள், படுக்கையில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். எல்லாமே படுக்கையில் என்று ஆகிவிட்டால் காலை எது, மாலை எது என்று உடம்புக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நடப்பது பற்றி: பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு, நாளுக்கு 22 நிமிடம் வரும். அறையின் நீளத்தை முதல் நாளே அளந்துவிடுங்கள். 6 மீட்டர் என்றால் 167 தடவை கடந்தால் ஒரு கிலோமீட்டர். பத்துக்கு ஒரு தடவை திரும்பும் திசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்க முழங்கால் வலிக்கும். நீண்ட விமானப் பயணம் முடித்து உடனே உட்கார்ந்தே இருப்பது கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதற்கும் இடம் கொடுக்கும், அதனால் முதல் இரண்டு நாள் களைப்பாக இருந்தாலும் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் தள்ளிப்போடாமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

துணியைக் குளியலறைத் தொட்டியில் துவைத்து, காய்ந்த துண்டு ஒன்றில் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும், பிறகு கயிற்றில் போட்டால் மறுநாள் காய்ந்திருக்கும். செய்தியை ஒரு நாளுக்கு ஒரு தடவை மட்டும் பாருங்கள், தூங்கப் போகும் முன் வேண்டாம்.

அலுவலக வேலை பார்க்கிறவர்கள் முதல் இரண்டு நாளுக்கு லீவு சொல்லிவிடுங்கள். அறையில் சும்மாதானே இருக்கிறாய் என்று நினைத்து முதல் நாளே கூட்டம் வைப்பார்கள்.

சோதனையும் கதவும்

ஏன் 14 நாள் என்று யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் மனம் எவ்வளவோ அமைதியாகியிருக்கும். 2020 தொடக்கத்தில் வெளிவந்த ஒரு கணக்கு இது: கொரோனாவில் தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய நடுவாக 5 நாள் ஆகிறது, அறிகுறி வருகிறவர்களில் 97.5 சதவீதம் பேருக்கு பதினொன்றரை நாளுக்குள் வந்துவிடுகிறது, 14 நாளுக்குப் பிறகு வருவது பத்தாயிரத்தில் ஏறக்குறைய நூறு பேருக்குத்தான். 14 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்தது. 1377-இல் அட்ரியாடிக் கடலோரத்தில் இருந்த ரகூசா, அதாவது இன்றைய டூப்ரோவ்னிக், நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை ஊருக்குள் விடாமல் 30 நாள் ஒதுக்கி வைத்தது. பிறகு அது 40 ஆனது, நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரண்டைன் என்ற பெயரே வந்தது. அந்தக் காலத்தில் கிருமியை யாரும் பார்த்தது இல்லை, அதனால் இப்படி ஒரு கணக்கும் இல்லை. வேறொரு தொற்று வந்தால் அதன் நாட்கணக்கும் வேறாக இருக்கும், அது என்ன, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொற்றிய முதல் சில நாட்களில் பி.சி.ஆர். சோதனை கிருமியைப் பிடிக்காமல் போகலாம், உடலில் அது இன்னும் போதுமான அளவு பெருகியிருக்காது. அதனால்தான் இரண்டு மூன்று தடவை எடுக்கிறார்கள். மூன்றாம் நாள் நெகட்டிவ் வந்ததும் இனி என்னை விட்டுவிட வேண்டியதுதானே என்று எனக்குக் கோபம் வந்தது, விஷயம் தெரிந்ததும் போய்விட்டது. இன்னொன்று, ஏற்கெனவே தொற்று வந்து குணமானவர்கள் அதற்கான மருத்துவக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். குணமான பிறகும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, சோதனை பாசிட்டிவ் காட்டலாம்.

கதவு பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் நியூசிலாந்தின் ஒரு குவாரண்டைன் ஹோட்டலில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்களுக்குள் தொற்று பரவியது. அவர்கள் சந்திக்கவே இல்லை. கேமரா பதிவைப் பார்த்தபோது, சோதனைக்காக ஒரு அறைக்கதவு திறந்து மூடியதற்கும் அடுத்த அறைக்கதவு திறந்ததற்கும் இடையில் 50 விநாடி மட்டுமே இருந்தது தெரிந்தது. அறைகளுக்கு வெளியே, காற்றோட்டம் இல்லாத நடைவழியில் தங்கியிருந்த காற்று வழியாகவே பரவியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதனால் சாப்பாடு வைத்துவிட்டுக் கதவைத் தட்டினால் உடனே திறக்காதீர்கள். முதலில் முகக்கவசம், பிறகு ஒன்றிரண்டு நிமிடம் பொறுமை, பிறகு கதவு, எடுத்ததும் மூடிவிடுங்கள். எதிர் அறைக்காரரும் அதே நேரம் திறந்தால் தலையசைத்துவிட்டு நீங்கள் மூடிக்கொள்ளுங்கள், பேச்சு வேண்டாம். எவ்வளவு ஏக்கமாக இருந்தாலும் வேண்டாம்.

குடும்பத்தோடு ஒரே அறையில்

நான் இருந்தது தனியாகத்தான், இது என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருந்து சொன்னது. பிள்ளைகளுக்குக் கொண்டுபோகும் பொம்மை, புத்தகம் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிடக் கூடாது, நாளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். தரையில் டேப் ஒட்டி அவரவர் மூலை என்று பிரித்தால் சண்டை குறையும். பெரியவர்கள் இருவர் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் வரும் மௌனம் வேறு, இது வேறு. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அதே அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு எண்ணிக்கை புதிதாகத் தொடங்கலாம். தனித்தனி அறை தருகிறோம் என்றால் இதையும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஆறிலிருந்து ஒன்பதாம் நாள் வரை

கடினமான நாட்கள் இவை. புதுமை போயிருக்கும், முடிவும் கண்ணில் படாது. எனக்கு இந்த நேரத்தில் அதிகம் கெடுதல் செய்தது ஹோட்டலில் இருந்தவர்கள் சேர்ந்து நடத்திய வாட்ஸ்அப் குழு. சோப்பு எங்கே கேட்பது, நர்ஸ் எப்போது வருவார் என்று முதல் நாட்களில் உதவிய அதே குழுவில், நாட்களைக் கூட்டப் போகிறார்களாம், மேல் மாடியில் நான்கு பேருக்கு வந்துவிட்டதாம் என்று நாள் முழுக்க வதந்தி. ஒன்றும் உண்மை இல்லை. ஒவ்வொன்றும் என் தூக்கத்தைக் கெடுத்தது. குழுவில் இருங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு நேரம் வைத்து மட்டும் பாருங்கள். கவலை தரும் எதைப் படித்தாலும் நோட்டில் எழுதி, மறுநாள் நர்ஸ் அழைக்கும்போது அவரிடம் கேளுங்கள்.

குறை இருந்தால் புலம்பலாக எழுதாமல் நேராக எழுதுங்கள்: தேதி, அறை எண், என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். "சாப்பாடு மோசம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "எனக்கு சர்க்கரை நோய் உண்டு, மூன்று நாளாகக் காலையில் இனிப்பு மட்டுமே வருகிறது, நாளைக் காலை முதல் மாற்றித் தாருங்கள்" என்று எழுதினால் பெரும்பாலும் நடக்கும். நன்றாக நடந்ததற்கும் இரண்டு வரி எழுதுங்கள், அந்த ஊழியர்களும் பயத்தோடுதான் வேலைக்கு வருகிறார்கள்.

பிறந்தநாள், திருமண நாள் எல்லாம் உள்ளேயே வந்துவிடலாம். நிலவிலிருந்து திரும்பிய நீல் ஆம்ஸ்ட்ராங் தன் 39-ஆவது பிறந்தநாளை, 1969 ஆகஸ்ட் 5 அன்று, குவாரண்டைனில்தான் கொண்டாடினார். அவருக்கும் கூடப் போனவர்களுக்கும் 21 நாள்.

வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால்

இரண்டாவது முறை, ஒன்பதாம் நாள் அதிகாலையில், என்னை வளர்த்த பெரியம்மா இறந்துபோன செய்தி வந்தது. நான் இருந்த இடத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான்.

விலக்குக் கேட்கும் முகவரியும் தேவையான காகிதங்களின் பட்டியலும் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தன. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் விண்ணப்பம் போய்விட்டது: மருத்துவமனை தந்த மரணச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம், என் சோதனை முடிவுகள், எந்த வண்டியில் போவேன், எவ்வளவு நேரம், யாரையெல்லாம் சந்திப்பேன் என்ற விவரம். இதையெல்லாம் அனுப்பித்தர வீட்டில் ஒருவரைப் புறப்படும் முன்பே பேசி வைத்திருந்தேன். துக்க வீட்டில் இருக்கிறவர்களுக்குக் காகிதம் தேடும் நிலை இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும் உறவினர் ஒருவரை இதற்கு நியமித்துவிடுங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை. மாலையில் மறுப்பு வந்தது. ஆனாலும் கேட்டேன், சரியாகக் கேட்டேன், ஒரு பதில் வந்தது என்பது பின்னால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கேட்காமலே விட்டவர்கள் சிலர் இன்றைக்கும் அதை நினைத்து வருந்துவதைப் பார்க்கிறேன். இறுதிச் சடங்கைப் போனில் பார்க்க வேண்டியிருந்தால், போனைப் பிடிக்க ஒரே ஒரு ஆளை வையுங்கள், கை மாறிக்கொண்டே இருந்தால் ஒன்றும் பார்க்க முடியாது. நீங்கள் பேச வேண்டியதை முன்பே எழுதி, அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு தனியாக இருக்கப் போகும் அந்த இரவுக்கு ஒருவரைக் கேட்டு வையுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை, போன் திறந்தபடி இருக்கட்டும். நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள், அன்று அவர்கள் கூடுதலாக ஒரு தடவை அழைப்பார்கள்.

வெளியேறும் நாள்

முந்தைய நாளே இவற்றை உறுதி செய்யுங்கள்: எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசிச் சோதனை முடிவு வந்துவிட்டதா, விடுவிப்புக் கடிதம் காகிதமாகத் தருவார்களா, யார் வந்து அழைத்துப் போவது. கடிதத்தைப் போட்டோ எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். வேலைக்குச் சேரும்போதும் வாடகை வீட்டுக்காரர் கேட்கும்போதும் அது தேவைப்படும், ஏனென்றால் குவாரண்டைனிலிருந்து வந்தவர் என்றாலே ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், கடிதத்தைக் காட்டுங்கள். பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

வெளியே வந்த அன்றே வீட்டில் எல்லோரையும் கூட்டி வைக்காதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கார் சத்தம், கூட்டம், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, எல்லாமே முதல் இரண்டு மூன்று நாள் அதிகமாகத் தெரியும். கடையில் யாராவது பக்கத்தில் வந்து நின்றால் உடம்பு தானாகப் பின்னால் நகரும். எனக்கு இது பத்து நாளில் சரியானது. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, கதவு மூடினால் படபடப்பு என்றால் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த சில நாள் காய்ச்சல், இருமல் வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அறையை விட்டுக் கிளம்பும்போது லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட், ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின், செருகியிருக்கும் அடாப்டர், குளியலறைக் கயிறு, இந்த நான்கையும் பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்துங்கள். மறந்ததை எடுக்க மறுபடி மேலே போக விடமாட்டார்கள்.